தனுஷ்கோடி வண்டித் தடமும் காற்று கொணர்ந்த மணலும்

மேலை நாடுகளில் இருப்புப்பாதை அமைத்த என்ஜினீயர்கள் எழுதிவைத்த நூல்களைப் புரட்டுவோர், பாலம், குகை, மலைச்சரிவு ஆகியவற்றுக்கு நிகராகப் பனியை அகற்றும் வித்தைக்கும் அவர்கள் இடம் ஒதுக்கியிருப்பதைக் காண்பர். நம் தென்கடற்கரையில் பனி என்பது மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளிக்கு மேல் ஒன்றுமில்லையாதலால், அவ்வத்தியாயங்களை நமக்குச் சம்பந்தமற்றவை என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆயினும் 1914 முதல் 1964 வரை, அரை நூற்றாண்டு காலம், பாம்பனிலிருந்து தனுஷ்கோடி வரை ஓடிய மீட்டர்கேஜ் பாதையின் சரித்திரத்தை அறிய விரும்புவோருக்கு அவற்றைப் போல உதவும் நூல் வேறில்லை. தளர்ந்து கிடக்கும் துகள் எதுவாயினும் அதனை எடுத்துச் சென்று, வேகம் குறைந்த இடத்தில் இறக்கிவிட்டுப் போவது காற்றின் இயல்பு. அத்துகள் ஆல்ப்ஸ் மலையின் வெண்பனியா, சேதுக்கரையின் மணலா என்று அது பார்ப்பதில்லை.

தென்னிந்திய ரெயில்வே கம்பெனியார் மதுரையிலிருந்து மண்டபம் வரை பாதையை நீட்டியது 1902-ஆம் ஆண்டு. அக்காலத்தில் இலங்கை செல்வோர் தூத்துக்குடியில் கப்பலேறி ஓரிரவு முழுவதும் கடலில் கழிக்க வேண்டியிருந்தது. இலங்கையின் தலைமன்னாருக்கும் நம் தனுஷ்கோடி முனைக்கும் இடையே கடல் இருபதுமைல் சொச்சமே என்பதையும், தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுக் கூலிகள் ஆயிரக்கணக்கில் சென்று வந்துகொண்டிருந்ததையும் கருதிய கம்பெனியார், பாம்பன் கால்வாயின் மீது பாலமிட்டு, இராமேசுவரம் தீவின் குறுக்கே கடைசி மணல்முனை வரை தண்டவாளம் பதித்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் பிரயாணிகளை அக்கரை சேர்ப்பதென முடிவு செய்தனர். பாம்பன் பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்டது. 145 கண்களும், கப்பல் போவதற்காக இரு கைகளையும் மேலே தூக்கும் ஷெர்சர் முறைத் தூக்குப் பகுதியும் கொண்ட அப்பாலத்தின் புகழ், அதற்கப்பால் தீவின் மீது போடப்பட்ட சாதாரணப் பாதையைப் பற்றிய பேச்சையே மறைத்துவிட்டது. பாலத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. பாலத்தைத் தாண்டிய பிறகு வண்டி எதன்மீது ஓடிற்று என்று எழுதியவர் வெகு சிலர். அக்குறையை ஓரளவேனும் நீக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இராமேசுவரம் அப்பாதையில் ஒரு கிளைதான் என்பது இன்றையத் தலைமுறைக்கு வியப்பாக இருக்கக்கூடும். பாம்பன் ஒரு ஜங்ஷன். அங்கிருந்து சுவாமி தரிசனத்துக்குப் போகிறவர்கள் ஒரு கிளையிலும், இலங்கைக்குப் போகிறவர்கள் தனுஷ்கோடிப் பாதையிலும் சென்றனர். சென்னை எழும்பூரில் புறப்பட்ட ‘போட் மெயில்’ இந்தப் பாதை வழியாகவே சென்று, துறையில் காத்திருந்த கப்பலுக்குத் தன் ஜனங்களையும் தபால் மூட்டைகளையும் ஒப்படைத்தது. வண்டி சற்றுத் தாமதித்தால் கப்பல் தாமதிக்கும். கப்பல் தாமதித்தால் தலைமன்னாரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட வேண்டிய வண்டியும் தாமதிக்கும். இரு தேசங்களின் கடிகாரங்கள் சில மைல் மணலின் நல்லொழுக்கத்தை நம்பியிருந்தன.

அந்த மணலுக்கோ ஒழுக்கம் என்பதே கிடையாது. தீவின் தென்கிழக்கு வால்போல நீண்டு செல்லும் அந்நிலத்தின் ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. மறுபக்கம் பாக் நீரிணையைச் சேர்ந்த ஆழமற்ற கடல். அலையடித்து முழங்கும் முன்னதை ஆண் கடல் என்றும், குளம்போல் அடங்கிக் கிடக்கும் பின்னதைப் பெண் கடல் என்றும் அவ்வூரார் வழங்குவர். இவ்விரண்டுக்கும் நடுவே நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. அதன் நெடுக ஓட வேண்டியிருந்த இருப்புப்பாதைக்கும் அதே திசைதான். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை வீசும் கச்சான் காற்றோ தென்மேற்கிலிருந்து வருகிறது. அதாவது, ஆண் கடலின் கரையில் உலர்ந்த மணலை வாரிக்கொண்டு, பாதையைச் செங்குத்தாகக் குறுக்கிட்டு, பெண் கடலை நோக்கிப் போகிறது. மணலை ஏற்பதற்கென்றே ஒரு பாதையை வகுக்கச் சொன்னால்கூட இதைவிடப் பொருத்தமான திசையை ஒருவரால் தேர்ந்தெடுக்க இயலாது. என்ஜினீயர்கள் மீது குற்றமும் இல்லை, நிலம் நீண்டிருந்த திசையில்தான் அவர்கள் போக முடிந்தது. அக்காற்றின் வலிமைக்குச் சாட்சி வேண்டுவோர், பாம்பன் பழைய பாலத்தில் வேகமானி வைத்து, காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டியதும் வண்டிகளைத் தாமாகவே நிறுத்தும்படி சிக்னலோடு இணைத்திருந்ததை நினைத்துக்கொள்ளலாம்.

காற்று மணலைக் கொண்டுபோகும் விதத்தை முதன்முதலில் முறைப்படி ஆராய்ந்து நூலாக்கியவர் பாக்னோல்டு என்னும் ஆங்கிலேய ராணுவ என்ஜினீயர். அந்நூல் வெளிவந்தது 1941-இல். லிபியப் பாலைவனத்தில் திரிந்த அனுபவத்தாலும், பரிசோதனைச் சாலையில் காற்றுக்குழாய் அமைத்துச் செய்த சோதனைகளாலும் அவர் கண்டறிந்த உண்மைகள் நம் கடற்கரைக்கும் அப்படியே பொருந்துகின்றன. மணல் புழுதியைப் போல வானில் மிதப்பதில்லை. ஒரு மணி குதித்தெழுந்து, சற்றுத் தூரம் பறந்து விழுந்து, விழும் வேகத்தில் வேறு மணிகளைக் குதிக்கச் செய்கிறது. இந்தத் தத்தலின் பெரும்பகுதி முழங்கால் உயரத்துக்குள் நடந்துவிடுகிறது. மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம் வரை சும்மா கிடக்கும் மணல் அதற்குமேல் நகரத் தொடங்குகிறது. தொடங்கியபின் காற்றின் வேகம் இருமடங்கானால், நகரும் மணல் ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. ஆகவே ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுக வந்து சேர்வதைக் காட்டிலும், ஆடி மாதத்தின் சில பெருங்காற்று நாட்களில் வந்து சேர்வதே மிகுதி. தடையற்ற வெளியில் ஓடி வரும் காற்றுக்குத் தண்டவாளம் ஒரு சிறு வரப்பு. வரப்பின் பின்னால் காற்று தளர்கிறது. தளர்ந்த இடத்தில் சுமையை இறக்குகிறது. நான்கு அங்குல உயரமுள்ள இரும்பு இரண்டு இணையாகக் கிடக்குமானால், அவற்றின் நடுவே மணல் நிறைவது காற்றின் கணக்குப்படி நிச்சயமான காரியம்.

அவ்வாறு நிறைந்த மணலால் விளையும் தீமையைப் பாதை வேலையறியாதோர் சிறிதாகவே மதிப்பர். என்ஜின் தன் எடையால் மணலை நசுக்கிக்கொண்டு போய்விடாதா என்று அவர்கள் கேட்கலாம். ரயில் சக்கரத்தைத் தண்டவாளத்தின் மேல் நிறுத்தி வைப்பது, அதன் உட்புற விளிம்பில் ஓரங்குலமளவு கீழே இறங்கி நிற்கும் மடிப்பு ஒன்றுதான். அம்மடிப்பு ஓடுவதற்குத் தண்டவாளத்தின் உட்பக்கத்தில் வெற்றிடம் வேண்டும். திறந்த பாதையில் அது தாராளமாக உண்டு. ஆனால் லெவல் கிராசிங்குகளிலும், வண்டி தடம் மாறும் பாயிண்டுகளிலும், அவ்வெற்றிடம் ஏறத்தாழ இரண்டு அங்குலமே கொண்ட ஒரு சந்து. அச்சந்தில் ஈரமணல் இறுகிவிட்டால் சக்கரம் அதன்மீது ஏறித் தடம்புரளும். பாயிண்டின் நாக்குத் தண்டவாளத்துக்கும் அதனை ஒட்ட வேண்டிய தண்டவாளத்துக்கும் இடையே ஒரு பிடி மணல் புகுந்தாலும் நாக்கு முழுவதும் ஒட்டாது. ஒட்டாத நாக்கின்மேல் வண்டியை விடுவது உயிர்களோடு விளையாடுவதாகும். இவை கண்ணுக்குத் தெரிகிற அபாயங்கள். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று அடியில் நிகழ்கிறது. கருங்கல் ஜல்லியின் இடைவெளிகள் மழைநீரை வடியவிடவும், வண்டியின் எடையைத் தாங்கிச் சற்றே அமிழ்ந்து மீளவும் உதவுகின்றன. மணல் புகுந்து அவ்விடைவெளிகளை அடைத்ததும் ஜல்லி கட்டாந்தரையாகிவிடுகிறது. அதன்மேல் கிடக்கும் தண்டவாளம் அதிர்ச்சியைத் தானே வாங்குகிறது. மணலோடு கூட வந்த உப்போ இரும்பைத் தகடு தகடாக உரிக்கிறது. இவ்வளவு பகையுள்ள அதே மணலை, தண்டவாளம் வழுக்கும்போது பிடிப்பு உண்டாக்குவதற்காக, ஒவ்வோர் என்ஜினும் தன் மணற்பெட்டியில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் முன் சிறு குழாய் வழியே தூவுகிறது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. சல்லடையில் சலித்து, அடுப்பில் உலர்த்தி, கைப்பிடி கைப்பிடியாக அளந்து தூவும் அம்மணல் ஊழியன். காற்று கொண்டுவந்து கொட்டுவது எஜமானன்.

வடதேசத்தார் பனியை எதிர்த்து என்ன செய்தனர் என்பதை இனிப் பார்க்கலாம். முதலில் அவர்கள் நாடியது உழவனின் அறிவைத்தான். கலப்பைக் கொழுவைப் பெரிதாக்கி, இரும்புத் தகட்டால் ஆப்பு வடிவில் செய்து, என்ஜினின் முகத்தில் பொருத்தி, வேகமாக ஓட்டிப் பனியைப் பிளந்து இருபுறமும் தள்ளினர். அமெரிக்காவின் சியரா நெவாடா மலைத்தொடரில் 1860-களில் பாதையிட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனியார், இத்தகைய கலப்பை ஒன்றின் பின்னால் பல என்ஜின்களைப் பூட்டி முட்டவைத்தும் வெல்ல முடியாமல், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்டவாளத்தின் மேல் மரக்கூரையே வேய்ந்தனர். கலப்பையின் குறை என்னவென்றால், பனி நசுங்கும் பொருள். தள்ளத் தள்ள அது இறுகுகிறது. பள்ளமான வெட்டுப்பாதையில் இருபுறமும் மதில் எழும்பிவிட்டால் தள்ளுவதற்கு இடமும் இல்லை.

தள்ள முடியாததைச் செதுக்கித் தூக்கி எறியலாம் என்ற யோசனை கனடாவில் பிறந்தது. டொராண்டோ நகரத்துப் பல் வைத்தியர் ஜே. டபிள்யூ. எலியட் 1869-ஆம் ஆண்டிலேயே சுழற்சக்கரப் பனிக்கலப்பை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதைக் காகிதத்திலிருந்து இறக்கி இரும்பாக்கும் வழி அவருக்குக் கிட்டவில்லை. ஆரஞ்சுவில் என்னும் ஊரைச் சேர்ந்த ஆரஞ்சு ஜல் என்பவர் 1880-களின் தொடக்கத்தில் அதே எண்ணத்தை மேலும் செம்மைப்படுத்த, லெஸ்லி சகோதரர்கள் அதனைக் கட்டி முடித்தனர். அவ்வெந்திரத்தின் முகப்பில், ஆளுயரத்தையும் தாண்டிய பெருஞ்சக்கரம் ஒன்று நேர்குத்தாக நிற்கிறது. அதன் முன்புறம் அலகுகள். பின்புறம் விசிறி இதழ்கள். சக்கரம் சுழலும்போது அலகுகள் பனிச்சுவரைச் செதுக்கி உள்ளே தருகின்றன. விசிறி அதனை வாங்கி, மேலே திறந்திருக்கும் வாய் வழியாகப் பாதையைவிட்டு வெகு தூரத்துக்கு வீசுகிறது. அவ்வாயை வலப்புறமாகவோ இடப்புறமாகவோ திருப்பிக் காற்று போகும் பக்கம் பார்த்து எறியலாம். சக்கரத்தைச் சுழற்றுவதற்கென்றே அவ்வண்டியில் ஒரு கொதிகலனும் நீராவி யந்திரமும் உண்டு. ஆனால் அது தானாக நகராது. பின்னால் ஒன்றோ பலவோ என்ஜின்கள் அதனை மெதுவாகத் தள்ள வேண்டும். அதிகம் தள்ளினால் சக்கரம் திணறும், குறைவாகத் தள்ளினால் வெறுமனே சுழலும். முன்னவரும் பின்னவரும் ஊதல் ஒலியால் பேசிக்கொண்டே வேலை செய்தனர். சுவிட்சர்லாந்தின் பெர்னினா மலைப்பாதைக்கு 1910-ஆம் ஆண்டில் தானே நகரும் சுழற்கலப்பை செய்யப்பட்டது. அந்நாட்டார் அதனை இன்றும் பேணி ஓட்டிக் காட்டுகின்றனர். இவையன்றி, தண்டவாளங்களின் நடுவே மிஞ்சியதைச் சுரண்டும் தகடுகளும் உண்டு; பாயிண்டு வரும்போது அவற்றைத் தூக்கிக்கொள்ள வேண்டுமென்று ஓட்டுநருக்கு நினைவூட்டப் பாதையோரத்தில் அடையாளப் பலகைகள் நடப்பட்டிருக்கும்.

இத்தனை அரிய எந்திரத்தை நம் கம்பெனியார் தனுஷ்கோடிக்கு ஏன் தருவிக்கக்கூடாது என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு விடையை எடைக்கல் சொல்கிறது. புதிதாகப் பெய்த பனி ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோ அளவே கனக்கும். காற்றில் இறுகியதும் நானூறைத் தாண்டுவது அரிது. உலர்ந்த மணலோ ஆயிரத்து அறுநூறு கிலோ. அதனைத் தூக்கி எறிய முற்படும் விசிறியின் அலகுகள், குருந்தக் கல்லில் தீட்டப்பட்டதுபோல் சில நாட்களில் தேய்ந்துவிடும். அவற்றைவிட முக்கியமான வேற்றுமை, பங்குனியில் பனி உருகித் தண்ணீராகி ஆற்றோடு போய்விடும் என்பது. மணல் உருகாது, எறிந்த இடத்தில் காத்திருந்து அடுத்த காற்றில் எழுந்து வரும். பனியின் பகை ஒரு பருவத்தோடு தீர்கிறது. மணலின் பகை வம்ச பரம்பரையாக நீடிக்கிறது.

ஆதலால் சேதுக்கரையின் கருவிகள் மண்வெட்டியும் கூடையுமே ஆயின. அவற்றை ஏந்தியவர்கள் கேங்மேன்கள். சில மைலுக்கு ஒரு கேங். அதற்கு ஒரு மேஸ்திரி. நாள்தோறும் தன் பகுதி முழுவதையும் நடந்து, தளர்ந்த ஆப்புகளைச் சுத்தியால் அடித்து இறுக்கிச் செல்ல ஒரு கீமேன். இந்த அமைப்பு இந்திய ரெயில்வே முழுவதற்கும் பொது. மணல்வெளியில் அவர்கள் வேலைக்கு ஒரு தனி நுணுக்கம் உண்டு. வாரிய மணலை ஆண் கடல் பக்கம் எறிபவன், இரவுக்குள் அதே மணலை மீண்டும் வாங்கிக்கொள்வான். பெண் கடல் பக்கம்தான் எறிய வேண்டும், அதுவும் பாதையை ஒட்டிக் குவித்துவிடக் கூடாது. குவியல் காற்றைத் தடுத்து மேலும் மணலை அழைத்துவரும். கூடையில் எடுத்துச் சற்று எட்டக் கொண்டுபோய்ப் பரப்பிவிட வேண்டும். பாயிண்டின் சந்திலோ மண்வெட்டி நுழையாது; கம்பியாலும் துடைப்பத்தாலும் கையாலும் சுரண்டி எடுக்க வேண்டும். தகித்த இரும்பின் பக்கத்தில் குனிந்து, முழங்கால் மட்டத்தில் மணல் ஊசியாய்க் குத்த, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டும் திறந்துகொண்டும் செய்கிற இவ்வேலைக்கு முடிவு என்பது கிடையாது. சுழற்கலப்பை கண்டுபிடித்தவரின் பெயரைக் காப்புரிமைப் பத்திரம் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. இம்மனிதர்களின் பெயர்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர் யாருமில்லை என்பது என் மனத்தை மிகவும் வருத்துகிறது.

இத்தகைய தொழிலாளர் ஒருவரின் பெயர் உலக சரித்திரத்தில் ஏறிய கதை ஒன்று உண்டு. அது நிகழ்ந்தது தென்மேற்கு ஆப்பிரிக்காவில். லூடரிட்ஸ் துறைமுகத்திலிருந்து நமீபியப் பாலைவனத்தினூடே ஜெர்மானியர் இட்ட பாதையும் தனுஷ்கோடிப் பாதையைப் போலவே கடற்காற்று கொணரும் மணலில் புதைந்துகொண்டிருந்தது. அதன் ஒரு பகுதியை மணலின்றி வைத்திருக்கும் பொறுப்பு ஆகஸ்ட் ஸ்டாவ்க் என்னும் அலுவலருடையது. 1908-ஆம் ஆண்டு ஏப்ரலில், அவரிடம் வேலை செய்த சக்கரியாஸ் லெவாலா, தண்டவாளத்து மணலை வாரிக்கொண்டிருக்கையில் மின்னும் கல் ஒன்றைக் கண்டெடுத்துக் கொடுத்தார். அது வைரம். அக்கல்லிலிருந்து கோல்மன்ஸ்கோப் என்ற நகரமே எழுந்தது, ஸ்டாவ்க் பெருஞ்செல்வரானார், லெவாலாவுக்குப் பரிசென்று எதுவும் கிட்டவில்லை. வைரம் ஓய்ந்ததும் மக்கள் வெளியேற, அந்நகரத்து மாளிகைகளின் அறைகளுக்குள்ளே இன்று மணல் குவிந்து கிடக்கிறது. தனுஷ்கோடியின் இடிந்த சுவர்களைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மனத்தில் வரைந்துகொள்வர்.

மணலை அகற்றுவதைவிட அதனை வரவொட்டாமல் தடுப்பதே மேல் என்பதை மற்றெவரையும்விடத் தெளிவாக உணர்ந்தவர்கள் ருஷ்யர்கள். காஸ்பியன் கடலின் கீழ்க்கரையில் 1880-இல் தொடங்கி 1888-இல் சாமர்கண்டை எட்டிய பாதையை நடத்திய ஜெனரல் அன்னென்கோவ், மணற்குன்றுகளின் நடுவே சென்ற பகுதிகளில் களிமண்ணைப் பரப்பியும், மரவேலிகளை நட்டும், சக்சவுல் என்னும் பாலைச் செடியைப் பயிரிட்டும் போராடினார். அப்பாதையில் 1888-இல் பிரயாணம் செய்து, மணலின் தொல்லையையும் அதற்குச் செய்த பரிகாரங்களையும் விவரித்து எழுதிய ஆங்கிலேய இளைஞர், பிற்காலத்தில் நம் வைசிராயாக வந்த கர்சன் பிரபு. தனுஷ்கோடியில் நின்ற கப்பல்களுக்குக் கம்பெனியார் சூட்டிய வைசிராய்களின் பெயர்களில் ஒன்று எல்ஜின், ஒன்று ஹார்டிஞ்ச், மற்றொன்று கர்சன்.

வேலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பனிநாடானாலும் மணல்நாடானாலும் நல்ல வேலி என்பது காற்றை முழுவதும் மறிக்கும் சுவரன்று. சுவரைத் தாண்டும் காற்று சுழித்துக்கொண்டு உடனே கீழிறங்கிவிடும். பாதிக்குப் பாதி இடைவெளிவிட்டு அடித்த மூங்கில் தட்டியோ பனையோலைப் படலோ காற்றைத் தளரச் செய்து, சுமையை வேலியைச் சுற்றியே இறக்கவைக்கும். அது பாதையிலிருந்து வெகுதூரம் காற்றுவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். அருகில் இருந்தால் அது சேர்த்த குவியலே பாதைக்கு யமனாகும். வேலி மணலில் புதைந்ததும் அதன் உச்சியில் இன்னொரு வேலி அடிக்க வேண்டும். அவ்வாறு வளர்த்த மேட்டின்மீது உயிருள்ள போர்வை ஒன்றைப் போர்த்தாவிடில் செய்த வேலையெல்லாம் வீண்.

அப்போர்வைக்கு வேண்டிய செடிகளை நம் கரை தானே தந்திருக்கிறது. ஊதாப்பூப் பூக்கும் அடப்பங்கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலின்மேல் பாய் விரித்தாற்போல் ஓடுகிறது. நெய்தல் நிலத்துப் புலவர்கள் அடும்பு என்று பாடியது இக்கொடியைத்தான். அதனினும் உறுதியானது இராவணன் மீசை. முள்போன்ற இலையும் நெடிய வேரும் கொண்ட இப்புல்லை மணல் மூட மூட, அது மணலுக்கு மேலே எழுந்து புதிய கணுவில் வேரிறக்குகிறது. அதாவது, புதைப்பதே அதற்கு உரம். முதிர்ந்த பூங்கொத்து தலையளவு முள்ளுருண்டையாய்க் கழன்று, காற்றில் உருண்டோடி, போகும் வழியெல்லாம் விதை சிந்துகிறது. எந்தக் காற்று மணலைக் கொண்டுவருகிறதோ அந்தக் காற்றே மணலைக் கட்டும் விதையையும் கொண்டுவந்து விடுகிறது. கொடியும் புல்லும் தரையைப் பிடித்தபின் உடைமரமும் பனையும் சவுக்கும் நிற்கும். சவுக்கின் கதை தனியே சொல்லத்தக்கது. கரிக்கு முன்பு விறகு எரித்து ஓடிய ரயில் என்ஜின்களுக்கென்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணக் கடற்கரைகளில் சவுக்குத் தோப்புகள் வைக்கப்பட்டன. என்ஜினின் வயிற்றுக்காக நட்ட மரம், மணற்கரைக்குக் காவலாகவும் பயன்பட்டது; இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே இன்றும் சவுக்குத் தோப்புகளைக் காணலாம்.

ஆனால் அப்பாதையை முதலில் வீழ்த்தியது மணலன்று, கடல். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனை விட்டுப் புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை எட்டும் தறுவாயில், புயலோடு எழுந்த கடல் அதன்மேல் ஏறிற்று. வண்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊர் அழிந்தது; பாம்பன் பாலத்தின் இரும்புக் கண்களில் பெரும்பாலானவற்றைக் கடல் பெயர்த்தெறிந்தது; ஷெர்சர் தூக்குப் பகுதி மட்டும் நிலைத்தது. பிற்காலத்தில் புகழ்பெற்ற என்ஜினீயர் இ. ஸ்ரீதரன், இளைஞராயிருந்த அந்நாளில், கடலில் விழுந்த உத்திரங்களையே மீட்டெடுத்து 46 நாட்களில் பாலத்தை மீண்டும் நிறுத்தினார். தீவின் கிழக்கு வாலை மட்டும் எவரும் மீட்க முற்படவில்லை. இதற்கு இணையான நிகழ்ச்சி ஒன்று பனிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் காஸ்கேடு மலையில் வெலிங்டன் என்னும் நிலையத்தில், சுழற்கலப்பைகளாலும் திறக்க முடியாத பனியினால் பல நாட்கள் சிறைப்பட்டு நின்ற இரு வண்டிகளை, 1910-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி பனிச்சரிவு பள்ளத்தில் தள்ளியது. 96 பேர் இறந்தனர். அப்பாதையை நடத்திய கம்பெனியார் 1929-இல் மலையைக் குடைந்து நீண்ட குகைவழி அமைத்துக்கொண்டு பழைய பாதையைக் கைவிட்டனர். அவர்களுக்கு ஒதுங்கிச் செல்ல மலையின் வயிறு இருந்தது. தனுஷ்கோடிக்கு இருபுறமும் கடல். கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டு, இலங்கையின் உள்நாட்டுக் கலவரங்களால் 1984-இல் அதுவும் நின்றது. கேங் இல்லாத பாதையைக் காற்று தன் முறைப்படி மூடிற்று. கடல் ஓரிரவில் செய்ததைவிட அது செய்தது குறைவன்று. கடல் பெயர்த்த பாதையை மீண்டும் இடலாம், ஆளில்லாத பாதையை மணலிடமிருந்து மீட்க வழியில்லை.

நம் தேசத்து ரெயில்வே அண்மைக் காலத்தில் பனிநாட்டிலும் நுழைந்திருக்கிறது. காஷ்மீரப் பள்ளத்தாக்கில் முதல் வண்டி ஓடியது 2008-இல். பீர் பாஞ்சால் மலையைக் குடைந்த 11 கிலோமீட்டருக்கு மேற்பட்ட குகையின் வழியே பனிஹாலும் காசிகுண்டும் இணைந்தது 2013-இல். தொடக்கத்தில் அங்கு ஓடிய டீசல் வண்டிகளின் முகப்பில், மாடு தடுக்கும் தகட்டையே பனி வெட்டும் வடிவில் அமைத்திருந்தனர். ஓட்டுநரின் கண்ணாடியில் பனி உறையாதிருக்கச் சூடேற்றும் ஏற்பாடும் இருந்தது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் பாம்பனின் புதிய பாலமும், ஜூனில் ஸ்ரீநகர் வரையான தொடர்ப்பாதையும் திறக்கப்பட்டன. தேசத்தின் இரு கோடிகளும் இரண்டு மாத இடைவெளியில் புதிய இரும்பு பெற்றன.

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் பாதையிட 2019-ஆம் ஆண்டு மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. தண்டவாளம் வரவில்லை, அதற்குமுன் 2017-இல் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. வழியிலுள்ள முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியபின் காற்றுக் காலத்தில் அச்சாலையை மணல் மூடுவதும், மண்ணள்ளும் எந்திரம் வந்து அதனை ஒதுக்குவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. ஒதுக்கிய மணல் சாலையோரத்திலேயே மேடாகக் கிடக்குமானால் அது அடுத்த காற்றுக்குச் சேமித்து வைத்த சரக்காகும். அங்கே என்றேனும் மறுபடி தண்டவாளம் இடுவதானால், முதற்செலவு இரும்புக்கன்று. இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே ஆண் கடல் ஓரத்தில் படல் கட்டி, அது புதையப் புதைய உயர்த்தி, அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் நட்டு, ஆடுமாடும் வாகனச் சக்கரமும் அவற்றை மிதியாமல் காவல் வைத்து, அதன்பின் அதற்கு உட்புறமாகச் சவுக்கு வரிசையிட வேண்டும். பாதையைப் பள்ளத்தில் வெட்டாமல் தாழ்ந்த கரையொன்றின்மேல் உயர்த்தி, காற்று தங்காமல் கடந்து போகும்படி விட வேண்டும். அவ்வளவும் செய்தபிறகும், வழியிலுள்ள கோதண்டராமர் கோயில் தொடங்கி முனை வரைக்கும் ஆடி மாதத்துக்கென்று தனியே கேங் ஒன்றை நியமிப்பது அவசியம். அவர்களுக்கு நிழற்குடிசையும், குடிநீரும், கண்ணுக்கு நல்ல கண்ணாடியும் கொடுப்பதும் அவ்வளவுக்கு அவசியம்.